ஷூவுக்கு மட்டும் டாக்டர்

“கொலீன் கையெழுத்து போட்டா செல்லாது ஓரின், அதைத்தான் நான்...”

“ஏன் செல்லாது? பதினொரு வருஷமா இன்சுலின் எழுதித் தர்றவ, ஒரு ஜோடி ஷூ எழுதக் கூடாதா?”

“என்னைக் கொஞ்சம் பேச விடுறியா?”

“நீ பேசித்தான் எனக்கு இவ்வளவு குழப்பம்!”

வெர்னா குனிந்து காலைப் பார்த்தாள். கிளினிக் படுக்கையில் புருஷனின் இடது கால் நீண்டு கிடந்தது. பெருவிரல் ஓரத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு. வலது காலிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு விரல்கள் போயின. சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்கிற ஷூ வராவிட்டால், பனியில் மாடுகளுக்கு வைக்கோல் போட பழைய பூட்ஸோடுதான் இறங்குவான். வேண்டாமென்றால் கேட்கிற ஆளா?

ஷூவுக்குப் பணம் கேட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. ‘உங்கள் டாக்டர்’ என்ற இடத்தில் ஓரின் கொட்டை எழுத்தில் கொலீன் பெயரை எழுதி வைத்திருந்தான்.

“நான் டாக்டர் இல்ல, நர்ஸ் பிராக்டிஷனர், ஓரின்” என்றாள் பக்கத்தில் நின்ற கொலீன். “நோய் பார்ப்பேன், மருந்து எழுதுவேன். இந்த ஷூவுக்கு மட்டும் டாக்டர்தான் எழுதணுமாம்.”

“இன்சுலின் தப்பானா ஆளே காலி. ஷூ தப்பானா கடிக்கும், அவ்வளவுதான். எதுக்கும்மா டாக்டர் வேணும்?”

“எனக்கும்தான் புரியல.”

இவளுக்கே புரியாவிட்டால் நாம் எங்கே போவது என்று வெர்னாவுக்குத் தலை சுற்றியது. கொலீன் கணினியைக் காலுக்கு நேரே திருப்பினாள். நூறு மைலுக்கு அப்பாலிருந்து ஓர் இளம் டாக்டர் திரையில் எட்டிப் பார்த்தார்.

“கால் எப்படி இருக்கு, மிஸ்டர் ட்வெய்ட்?”

“அதை நீங்கதானே சொல்லணும்!” என்றான் ஓரின்.

டாக்டர் கண்ணைச் சுருக்கினார். “சரியாத் தெரியலையே. கொலீன், நீங்க என்ன நினைக்கிறீங்க?”

எந்த இடம் அழுந்துகிறது, எவ்வளவு அகலம் வேண்டும், உள்ளே எப்படிப்பட்ட மெத்தை வேண்டும் என்று கொலீன் சொல்லச் சொல்ல, அவர் தட்டச்சு செய்தார். “அப்படியே எழுதிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு.”

“பாத்தியா?” என்று ஓரின் பெண்டாட்டியைப் பார்த்தான். எதைப் பார்க்கச் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஷூ வந்துவிடும், அது போதும். மடியில் புது விண்ணப்பம் இருந்தது. பேனாவைத் திறந்தவள், அந்தப் பழைய இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். திரையைப் பார்த்தாள், கொலீனைப் பார்த்தாள்.

“தம்பி, ‘உங்கள் டாக்டர்’னு கேட்டிருக்கே, நான் யார் பேரை எழுதட்டும்?”