ஆன்டெனாவின் வாயை மறைத்தவர்

அத்தானுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு, வேலை தங்குமா போகுமா என்று அன்று தெரிந்துவிடும். நாங்கள் இருவரும் ஒரே லேபில் வேலை பார்க்கிறோம். அவர் செய்த ரேடியோ ரிசீவருக்கு மொட்டை மாடியில் கடைசிச் சோதனை. இரைச்சல் அதிகம் என்று போன தடவையே திரும்பி வந்தது. இன்னொரு தடவை வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சோதனை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஆன்டெனாவின் அகன்ற வாயை வெற்று வானத்துக்குக் காட்டி மீட்டரைப் படிக்க வேண்டும். வானம் குளிர்ச்சியானது, அதனால் இரைச்சல் குறைவு. பிறகு வாயைக் கறுப்பு ஸ்பாஞ்சால் மூடிப் படிக்க வேண்டும். ஸ்பாஞ்சின் சூடே இரைச்சலாக வரும். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு பெரிதோ, ரிசீவர் அவ்வளவு சுத்தம்.

எங்கள் மேலதிகாரியைச் சிடுமூஞ்சி என்போம். மனிதர் கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர் மாதிரி ஆன்டெனா மேலேயே கவிழ்ந்து நின்றார். மனித உடம்பும் சூடுதானே? வானத்தை அளக்கும்போது அவர் தலையும் சேர்ந்துகொண்டு மீட்டர் எகிறியது. அத்தானுக்கு இது தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்காத மனிதர், வியர்க்க வியர்க்க அந்தத் தப்பான எண்ணையே படித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அவரைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க," என்று காதைக் கடித்தேன்.

"பெரிய மனுஷன்கிட்ட எப்படிம்மா சொல்றது? அவரே நகருவாரு."

நகர்ந்தால்தானே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மீட்டர்ல உங்க உடம்புச் சூடுதான் வருது."

சிடுமூஞ்சி மறுபேச்சில்லாமல் தள்ளிப் போனார். மீட்டர் சட்டென்று இறங்கியது. ஸ்பாஞ்சை வைத்துப் பார்த்தோம். ரிசீவர் தேறிவிட்டது. அத்தான் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

"ரிசீவர்ல குறை இல்லன்னு போன தடவையே எனக்குத் தெரியும்," என்றார் சிடுமூஞ்சி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. "அப்பவும் இங்கதான் நின்னேன். நகருங்கன்னு சொல்ல இவருக்கு வாய் வரல. எனக்குப் பயந்துட்டு தப்பான அளவை எழுதுற ஆளு எனக்கு எதுக்கு? திங்கட்கிழமைலேர்ந்து இவர் வர வேண்டாம். இவர் எடத்துல நீ உக்காரு."

பாவி, வேண்டுமென்றே நின்றிருக்கிறான்.

அத்தான் ஸ்பாஞ்சில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டி, அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார். படியிறங்கும்போது என்னிடம்தான் பேசினார்.

"அக்காகிட்ட நீயே சொல்லிடும்மா. எனக்குச் சொல்ல வராது."