மூன்று பத்துக்கு நின்ற பதிவு

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது பெரியவளின் தொழில். பதினான்கு வருடமாக அதில் இருக்கிறாள். நின்றுபோன எதைப் பார்த்தாலும் அவளுக்குப் பயம் வராது, பசிதான் வரும் என்று தங்கை கேலி செய்வாள். நகரத்தின் பாதி அடுக்குமாடிகளில் அவளுக்கு 'லிஃப்ட் அக்கா' என்றே பெயர். அப்படிப்பட்டவளுக்கு அவள் வீட்டு ஹாலிலேயே, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு பெட்டி நான்கு நாளாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

டிவியோடு இணைத்த பெட்டி அது. ஆன்டெனாவில் வரும் நிகழ்ச்சியைக் குறித்த நேரத்தில் பதிவு செய்து, பக்கத்தில் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மல்யுத்தத்தை ஒழுங்காகப் பதிவு செய்த அதே பெட்டி, திங்கட்கிழமை மூன்று மணிச் செய்தியைக் கோட்டை விட்டது. 'பதிவு தோல்வி. சேமிக்கும் இடம் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. பாதியில் அறுந்த பதிவை அது வைத்துக்கொள்ளாது, அடியோடு அழித்துவிடும். அதற்கு அவ்வளவு ரோஷம்.

மற்ற வாரமாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பார்கள். இந்த வாரம் அந்த மூன்று மணிச் செய்தியின் ஓரத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள், சைகை மொழியில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தவள் சின்னவள். இந்த வீட்டின் இரண்டாவது பெண். ஐந்து நாள் பரீட்சார்த்தமாகச் செய்யச் சொல்லியிருந்தார்கள். பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது, புதன்கிழமையே வேலைக்கான படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். திங்களுக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சின்னவள் அதை மடித்துப் பைக்குள் வைத்தபடியே திரிந்தாள்.

அவர்களுடைய அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. இரண்டு பெண்களும் வாய்ப்பேச்சுக்கு முன்னால் கற்றது கைப்பேச்சு. "அம்மா பார்த்துட்டு, புரியுதுன்னு சொல்லட்டும். அப்புறம் கையெழுத்துப் போடறேன்," என்றாள் சின்னவள். "அவளுக்கே புரியலேன்னா, வேற யாருக்குப் புரியப்போகுது?"

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்ப்பவள். ஏற்றுமதி வாரம் என்பதால் லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. சேனல்காரர்கள் செய்தியை இணையத்தில் போடும்போது ஓரத்து வட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் போடுவார்கள். காது கேட்காதவர்கள் மூன்று மணிக்கு மட்டும்தான் உயிரோடு இருப்பார்களோ என்று பெரியவள் பொருமினாள். டிவித் திரையை ஃபோனில் படம் பிடிக்கலாம் என்றால், இருக்கிற வட்டத்தில் விரல் எது நகம் எது என்று தெரியாது. ஆக, பெட்டிதான் கதி.

"நான் இருக்கேன்ல," என்று பெரியவள் தங்கையின் தலையில் தட்டினாள். அது வெறும் வாய்ச்சொல் அல்ல. திங்கட்கிழமை மாலை டிஸ்கில் இடம் போதவில்லையோ என்று அப்பாவின் பழைய மல்யுத்தங்கள் நாற்பத்தாறை அழித்தாள். அப்பா அன்று இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். செவ்வாய்க்கிழமை ஆன்டெனா ஒயரை மாற்றினாள். புதன்கிழமை, வேலையில்லாத நேரத்தில் டிஸ்க் தூங்கிப்போகும் என்ற அமைப்பைக் கண்டுபிடித்து, தூக்கமே வேண்டாம் என்று வைத்தாள். வியாழக்கிழமை பெட்டிக்கும் டிஸ்குக்கும் நடுவில் இருந்த ஒயரைப் புதிதாக வாங்கிப் போட்டாள். நான்கு நாளும் அதே ஒரு வரி. சின்னவளின் படிவம் பைக்குள் கசங்கிக்கொண்டே வந்தது.

பெரியவளுக்குத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த லிஃப்ட் நின்றாலும் முதலில் கேட்பது: கடைசியாக எப்போது நன்றாக ஓடியது? அதற்குப் பிறகு என்ன மாறியது? இங்கேயும் கேட்டுப் பார்த்தாள். ஞாயிறு ஓடியது. அதன்பின் பெட்டியில் எதுவும் மாறவில்லை. கேள்வி சரிதான், ஆனால் அதைப் பெட்டியை மட்டும் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையின் நிழலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான், பெட்டியின் நிகழ்வுப் பட்டியலை ஃபோனில் மேலிருந்து கீழாகப் படித்தாள். அதுவரை 'தோல்வி' என்ற சொல்லையே பார்த்திருந்தாளே தவிர, பக்கத்தில் இருந்த நேரத்தைப் பார்க்கவில்லை. திங்கள் மூன்று பதினொன்று. செவ்வாய் மூன்று ஒன்பது. புதன் மூன்று பன்னிரண்டு. வியாழன் மூன்று பத்து.

கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. இயந்திரம் கெட்டால் நொடி பிசகாமல் கெடும், இல்லையென்றால் கண்ட நேரத்தில் கெடும். இப்படி ஒரு நிமிடம் முன்னே, ஒரு நிமிடம் பின்னே என்று ஆடி அசைந்து வருவது மனுஷன் மட்டும்தான். மூன்று பத்துக்கு அந்த வீட்டுக்குள் வரும் மனுஷன் ஒருவர்தான் உண்டு.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். திங்கட்கிழமையிலிருந்து அவருக்குக் காலை ஷிஃப்ட். மாலை ஆறரைக்கு வந்துகொண்டிருந்தவர் இப்போது மூன்று பத்துக்கே வந்துவிடுகிறார். காது நன்றாகக் கேட்கும், அதுவும் வேண்டியது மட்டும். செவ்வாய்க்கிழமையே அவரை விசாரித்தாகிவிட்டது. "அந்தப் பெட்டிப் பக்கமே நான் போறதில்லம்மா. வரேன், தண்ணி குடிக்கிறேன், படுக்கிறேன்," என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஆனால் நாற்பத்தாறு மல்யுத்தத்தைப் பறிகொடுத்தவரின் வாக்குமூலத்தை எவ்வளவு தூரம் நம்புவது?

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். மேலாளரிடம் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டே முக்காலுக்கு வீடு வந்து சேர்ந்தாள். செருப்பை வெளியே விட்டால் தெரிந்துவிடும் என்று கையிலேயே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். டிவிக்கு எதிரே, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்குப் பெட்டியில் சிவப்புப் புள்ளி எரிந்தது. பதிவு தொடங்கியது. திரையின் ஓரத்து வட்டத்தில் சின்னவள் கறுப்புச் சட்டையில் நின்றாள். வீட்டில் எட்டு முறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சட்டினி அரைப்பவள், அங்கே நிமிர்ந்து நின்று நாட்டுக்கே செய்தி சொன்னாள். பெரியவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. துப்பறிய வந்ததையே பத்து நிமிடம் மறந்தாள்.

மூன்று பதினொன்றுக்கு வாசலில் அழைப்பு மணியை யாரோ அழுத்தினார்கள். ஹால் மூலையில் எப்போதும் எரியும் சின்ன விளக்கு மூன்று முறை அணைந்து எரிந்தது. அதே நொடியில் டிஸ்க் 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டது. சிவப்புப் புள்ளி செத்தது.

பெரியவள் விளக்கைப் பார்த்தாள். விளக்கின் ஒயரைப் பார்த்தாள். அந்த ஒயர் போய்ச் சேரும் நீட்டிப்புப் பலகையையும், அதே பலகையில் பக்கத்துத் துளையில் சொருகியிருந்த டிஸ்கின் அடாப்டரையும் பார்த்தாள்.

காது கேட்காத அம்மாவுக்கு ஆள் வந்தது தெரிய வேண்டும் என்று, பத்தொன்பது வயதில், பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய ரிலே என்ற மின்சுவிட்சை வைத்து அந்த விளக்கு மணியைச் செய்தவள் பெரியவள். மணியை அழுத்தினால் நீட்டிப்புப் பலகைக்கு வரும் கரண்ட் மூன்று முறை அறுந்து சேரும். போன வருடம், இடமிருக்கிறதே என்று டிஸ்கை அதே பலகையில் சொருகியவளும் பெரியவள்தான். ஆறரைக்கு மணி அடித்தவரை எந்தப் பதிவுக்கும் கேடில்லை. எய்தவள் பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அம்பைப் பிடிக்கக் காத்திருந்தாள். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

வெட்கப்பட நேரமில்லை. தவழ்ந்து போய் அடாப்டரைப் பிடுங்கி, சுவரில் ஃபேனுக்கு இருந்த துளையில் சொருகினாள். டிஸ்க் முனகிக்கொண்டு எழுந்தது. ரிமோட்டை எடுத்துத் திரும்பவும் பதிவை அழுத்தினாள். மூன்று பதின்மூன்று. சிவப்புப் புள்ளி எரிந்தது.

ஒருவழியாகப் பைக்குள் சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே வந்த அப்பா, தரையில் நாலு காலில் நின்ற மகளைப் பார்த்து, வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டார்.

"சாவி இருக்குல்லப்பா. வீட்ல யாரும் இல்லன்னு தெரியும்ல. அப்புறம் யாருக்கு மணி?" என்று பெரியவள் கேட்டாள்.

தான் மணியடித்ததே அப்பாவுக்கு நினைவில் இல்லை. யோசித்துத்தான் சொன்னார். கல்யாணமான புதிதில் ஒருநாள் திடுதிப்பென்று பின்னால் போய் நிற்க, அம்மா பயந்து கொதிக்கும் பாலைக் காலில் கொட்டிக்கொண்டாளாம். அன்றிலிருந்து அவர் அறிவிக்காமல் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. விளக்கு மணி வரும்வரை, கதவிடுக்கில் டார்ச் அடித்துவிட்டு வருவாராம். முப்பத்தாறு வருடப் பழக்கம்.

மாலை அம்மா வந்ததும், கைப்பையைக்கூட இறக்கவிடாமல் டிவி முன்னால் உட்கார வைத்தார்கள். பதினேழு நிமிடப் பதிவு. சின்னவள் திரைக்கு முதுகு காட்டி, அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தாள். தையலில் பிசிறு தேடிப் பழகிய கண் அது. இமைக்காமல் பார்த்தது. வெள்ளம், விலைவாசி, பள்ளித் தேர்வு எல்லாம் ஓடின. வெளிநாட்டு அமைச்சர் ஒருவர் வந்து இறங்கிய செய்தி வந்தபோது அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். சின்னவள் வெலவெலத்துப்போனாள்.

அந்த வீட்டில் கையை மூன்று முறை மூடித் திறந்தால், விளக்கு அணைந்து எரிவதுபோல, அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். உலகத்தில் வேறெந்த வீட்டிலும் அந்தச் சைகை கிடையாது. அமைச்சர் வந்தார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சின்னவளின் கை அதைத்தான் செய்திருந்தது.

"நாடு பூரா அப்பா வந்துட்டாருன்னு சொல்லிட்ட," என்றன அம்மாவின் கைகள். பிறகு சிரிப்பு அடங்கி, மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "அதை மட்டும் மாத்திக்க. மத்த எல்லாம் புரிஞ்சுது. ஒரு வார்த்தைகூட நான் ஊகிக்கல."

சின்னவள் அழுதுகொண்டே பேனா தேடினாள். கசங்கிய படிவத்தை அம்மா மடியில் வைத்து நீவிக் கொடுத்தாள்.

முதல் பதின்மூன்று நிமிடம் எங்கே போயிற்று என்று அம்மா கேட்டபோது, பெரியவள் தன் தப்பில் தொடங்கி அப்பாவின் மணிவரை ஒளிக்காமல் சொன்னாள். அம்மா கணவன் பக்கம் திரும்பினாள். நான்தான் இல்லையே, காலி வீட்டுக்கு எதற்கு மணி என்று அவளும் கேட்டாள்.

அப்பா கொஞ்சம் கூச்சத்தோடு கைகளை உயர்த்தினார். "என்னைக்காவது நீ சீக்கிரம் வந்திருந்தா?"

முப்பத்தாறு வருடத்தில் அம்மா ஒருநாள்கூடச் சீக்கிரம் வந்ததில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். ஏற்றுமதி முடிந்திருந்தது, அரை நாள் லீவு போட்டாள், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, மகளை நேரடியாகவே பார்த்தாள். மூன்று பத்துக்கு மூலை விளக்கு மூன்று முறை அணைந்து எரிந்தது. பெட்டியின் சிவப்புப் புள்ளி அசையவில்லை. அம்மாவும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி, கதவைத் திறந்து வருபவருக்குத் தெரியும்படி, மூன்று முறை மூடித் திறந்தாள்.