நாலு எண், மூன்று புள்ளி

பஸ் டிப்போவில் அவளுக்கு டியூட்டிக்கா என்று பெயர். எந்த டிரைவர் எந்த வண்டியில், எந்தக் கண்டக்டர் எந்த நேரத்தில் என்று பட்டியல் போடுவது அவள் வேலை. பட்டியல் பிடிக்காதவர்களெல்லாம் போன் செய்து அவளிடம் அழுவது அவர்கள் வேலை. "அக்கா, காய்ச்சல்." "அக்கா, மச்சானுக்கு ஆக்சிடெண்ட்." மச்சான்களுக்கு நேர்ந்த விபத்துகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஊரில் ஒரு மச்சான்கூட முழுசாக மிஞ்சியிருக்க முடியாது. பொய்யென்று தெரியும். இருந்தாலும் அவனுக்குப் பதில் இன்னொருவனைப் பிடித்தாக வேண்டும். அந்த இன்னொருவனும் போனில்தான் கிடைப்பான், அவனும் அழுவான். சாயங்காலம் டியூட்டி முடியும்போது அவள் காது சுட்டுக்கொண்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டும்.

அப்பா வேறு ஊரில் தனியாக இருந்தார். அம்மா போன பிறகும் அந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். நின்றவர் போன வருஷம் சமையலறை வாசலில் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டம்மா எதற்கோ வந்து கதவைத் தட்டும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். போன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. "ஏன்ப்பா கூப்பிடல?" என்று கேட்டதற்கு, "நீ வேலையா இருப்பே" என்றார். அந்த ஒரு வார்த்தை அவளைப் பல நாள் தூங்கவிடவில்லை.

அந்தப் பயத்தில்தான் கேமரா வந்தது. கூடத்து அலமாரியின் மேல் உட்கார்ந்துகொண்டு நாற்காலியையும் சமையலறை வாசலையும் பார்த்தபடி இருக்கும். குரல் வராது, படம் மட்டும். விலை குறைவு என்று வாங்கியது. வாங்கிய சூட்டோடு அதைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. போனில் அதன் செயலியைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. ஆனால் கேமரா சாகவில்லை. அப்பா வீட்டு இணையத்துக்கு வெளியே தெரிகிற எண் ஒன்று உண்டு: நாலு எண், நடுவில் மூன்று புள்ளி. அதைப் போட்டால் நேராகப் படம் வரும். வம்பு என்னவென்றால், கரண்ட் போய் வந்தால் அந்த எண் மாறிவிடும். அப்பா இருந்த தெருவில் கரண்ட் போகாத நாள் கிடையாது.

ஆக, அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் அப்பாவிடம் முதலில் எண்ணைக் கேட்க வேண்டும். பழைய டேப்லெட் ஒன்றில் அந்த எண்ணைக் காட்டுகிற பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். அவர் கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி கிடைத்ததும் டேப்லெட்டைத் தேடுவார். பிறகு ஆரம்பிப்பார்.

"நூத்திப் பதினேழு. நூத்திப் பதினேழு. புள்ளி."

வேலையில் இருந்த காலமெல்லாம் லாரி எடைமேடையில் எடை சொன்னவர் அவர். அங்கே எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. அதோடு விட்டால் பரவாயில்லை.

"நாப்பத்தி மூணு. நாப்பத்தி மூணு. உங்கம்மாவுக்கு இந்த வயசுலதான் மொதல்ல கண்ணாடி போட்டோம். கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா..."

"அப்பா, நம்பர மட்டும் சொல்லுங்க."

"சரி சரி. புள்ளி."

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். நாள் முழுக்கச் சமைக்கிறவனுக்கு வீட்டில் சோறு இறங்காது. அவளுக்கு மனிதக் குரலே இறங்கவில்லை. வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் ஏதாவது கேட்டால்கூடத் தலையை ஆட்டியே பதில் சொல்லிப் பழகியிருந்தாள். அப்பா எழுந்து நடமாடுகிறாரா என்று தெரிய வேண்டும், அதற்காகப் பேச வேண்டியிருக்கக் கூடாது. அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான். இப்படி ஆசைப்படுவதற்கு வெட்கமாகவும் இருந்தது.

டிக்கெட் மெஷின் ரிப்பேர்காரர்தான் வழி சொன்னார். "நம்பரோட ஏன் மல்லுக்கட்டறீங்க டியூட்டிக்கா? வீட்டுக்கு நெட்டுல ஒரு பேர் வாங்கி வச்சிருங்க. நம்பர் மாறினா உங்கப்பா வீட்டு இன்டர்நெட் பெட்டியே போய் அந்தப் பேருக்காரங்ககிட்ட புது நம்பரச் சொல்லிடும். நீங்க பேரப் போட்டாப் போதும்."

"காசு?"

"இலவசமாவே தர்றாங்க. கொஞ்சம் தேடணும்."

அந்தத் 'தேடணும்' என்ற வார்த்தையில்தான் சூது இருந்தது. மதிய இடைவேளைகளில் ஒரு கையில் சோற்றுக் கரண்டியும் மறு கையில் மவுசுமாகத் தேடினாள். முதலில் அகப்பட்டவன் 'இலவசம்' என்பதைத் திரை கொள்ளாத எழுத்தில் போட்டிருந்தான். உள்ளே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் வங்கி அட்டை எண்ணைக் கேட்டான். இரண்டாமவன் நிஜமாகவே இலவசம், ஆனால் அப்பா வீட்டுப் பெட்டிக்கு அவனைத் தெரியவில்லை. மூன்றாமவன் வாசலில், இத்தனை காலம் ஆதரவளித்ததற்கு நன்றி என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட மாதிரி, ஒவ்வொருவனும் ஒரு பாஸ்வேர்டு கேட்டு, அதை மறக்கவும் வைத்தான்.

நாலாமவன் தேறினான். நிபந்தனை ஒன்றுதான்: மாதம் ஒருமுறை மின்னஞ்சல் வரும், அதிலுள்ள பொத்தானை அழுத்தி, 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயர் போய்விடும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று ஒத்துக்கொண்டாள். பெயர் வைப்பதில் மறுபடி இழுபறி. 'வீடு' என்பதை யாரோ எடுத்துவிட்டார்கள். 'அப்பா'வும் போய்விட்டது, அப்பாவோடு எந்த எண்ணைச் சேர்த்தாலும் அதுவும் போயிருந்தது. அலுத்துப்போய் 'எடைமேடை' என்று போட்டாள். உலகத்தில் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

வார விடுமுறையில் பஸ் பிடித்துப் போய், பெட்டியில் அந்தப் பெயரை ஏற்றிவிட்டாள். அப்பா அவளுக்கு ஸ்டூல் கொண்டுவந்து போட்டுவிட்டுப் பின்னால் நின்றார்.

"என்ன பேரு வச்சே?"

"எடைமேடை."

"அடடே!" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு கேட்டார், "அப்ப இனிமே நான் நம்பர் சொல்ல வேணாமா?"

"வேணாம்ப்பா. உங்களுக்கும் தொந்தரவு மிச்சம்."

"ஆமாமா. தொந்தரவுதான்" என்றார் அப்பா. டேப்லெட்டைச் சட்டை முனையால் துடைத்து அலமாரியில் வைத்தார்.

பெயர் அருமையாக வேலை செய்தது. டியூட்டி முடிந்ததும் பஸ் நிறுத்தத்திலேயே போனைத் திறப்பாள். நாற்காலியில் அப்பா இருப்பார், அல்லது சமையலறைப் பக்கம் ஒரு வேட்டி போகும். போதும், மூடிவிடுவாள். சில நாள் ஏதோ கறுப்பாகப் படத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். நெட் திணறுகிறது என்று நினைத்து மூடுவாள், வீட்டுக்குப் போய் மறுபடி திறந்தால் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையாவது பேச வேண்டும் என்று வைத்திருந்தாள். பிறகு ஒரு ஞாயிறு தவறியது. ஒன்று தவறினால் அடுத்தது தவறுவதற்குக் கேட்கவா வேண்டும்? பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மாதாந்திர மின்னஞ்சல் மட்டும் தவறாமல் வந்தது. அவளும் தவறாமல் பொத்தானை அழுத்தினாள். முகம் தெரியாத ஒரு கம்பெனிக்கு மாதம் ஒரு தடவை 'இருக்கிறேன்' என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான் அழுத்தினாள். பஸ் வரவில்லை. பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போமே என்று படத்தைத் திறந்தாள். வழக்கமாகப் பார்த்தவுடன் மூடுகிறவள், போக வழியில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முன்பெல்லாம் போன் செய்கிற நேரம் அது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கேமராவை நோக்கி வந்தார். வந்து, அதைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் பிடித்தார்.

படம் கறுத்தது. அந்தக் கறுப்புதான். நெட் திணறவில்லை. கேமரா கொஞ்சம் தடுமாறி வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டதும், நடுவில் நாலு எண்ணும் மூன்று புள்ளியும் தெரிந்தன. டேப்லெட்டுக்கு மேலே அப்பாவின் வாய் தெரிந்தது. வாய் அசைந்தது. அதே அசைவு இன்னொரு தடவை. நிறுத்தம். அடுத்த எண், இரண்டு தடவை. டேப்லெட்டை இன்னொரு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு கடைசிவரை சொல்லி முடித்தார். பிறகு டேப்லெட்டை இறக்கிவிட்டு, கேமராவையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எண் தெரிந்தால்தான் படம் வரும். படம் வந்துவிட்டால் எண் எதற்கு? அந்தப் படத்தில் நின்றுகொண்டு எண்ணைக் காட்டுகிறாரே மனுஷன்! சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எத்தனை சாயங்காலம் அந்தக் கறுப்பை அவள் மூடியிருக்கிறாள்! விழுந்து கிடந்தபோது போனை எடுக்காதவர், தினமும் நின்று கூப்பிட்டிருக்கிறார். பஸ் வந்தது. ஏறவில்லை.

படத்தை மூடாமலே, ஸ்பீக்கரில் போட்டுப் போன் செய்தாள். படத்தில் அப்பா திடுக்கிட்டுத் திரும்பி, வேகமாக நடக்கப் பார்த்து, நாற்காலி முதுகைப் பிடித்து நிதானித்துக்கொண்டு போய் எடுத்தார்.

"பாப்பாவா?"

"ஆமாப்பா."

"கரண்ட் போயிட்டு போயிட்டு வருதும்மா. நம்பர் மாறிக்கிட்டே இருக்கு. தினமும் காமிக்கிறேனே, பாத்தியா?"

நிஜத்தைச் சொன்னால், பார்த்தும் பேசாமல் இருந்ததாக ஆகும். பொய் சொன்னால், பொய். மச்சான் பொய்களை வருஷக்கணக்காகக் கேட்டவளுக்கு அந்த நேரத்தில் சொந்தமாக ஒன்று சொல்லத் தெரியாமலா போகும்?

"இல்லப்பா. படமே வரல. அந்தப் பேரு கெட்டுப்போச்சு."

"அதானே பாத்தேன்!" அப்பாவின் குரல் ஒரேயடியாக ஏறியது. "நான்கூட, நீ பாத்துட்டுதான் சும்மா இருக்கியோன்னு நெனச்சுட்டேன்."

அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மூச்சு விட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள், "பாத்தா சும்மா இருப்பேனாப்பா?"

"அதுசரி. காசில்லாமக் கெடைச்சது எத்தனை நாளைக்கு உழைக்கும்? விடு. நம்பர் வேணுமா?"

"வேணும்ப்பா. இனிமே தினமும் வேணும்."

"தினமுமா?"

"தினமும்."

அவர் டேப்லெட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். எழுதத் தேவையே இல்லை. இருந்தாலும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். காது அப்போதும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. நாளைக்கும் சுடும்.

"நூத்திப் பதினேழு. நூத்திப் பதினேழு. புள்ளி. அறுபத்தி ரெண்டு. அறுபத்தி ரெண்டு..." என்று வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "சரி, நம்பர மட்டும் சொல்றேன்."

"அறுபத்தி ரெண்டுல என்னப்பா?" என்று கேட்டாள்.

படத்தில் அப்பா டேப்லெட்டை இறக்கினார்.

"அது பெரிய கதை" என்றார் அப்பா. "உனக்கு நேரம் இருக்கா?"

"இருக்கு. உக்காந்து சொல்லுங்க."

குரலைவிடப் படம் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அவர் கதையை ஆரம்பித்துவிட்ட பிறகுதான், படத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.