வேறு தொட்டிக்குப் போன வாப்பா

அகத்தித் தீவில் கோமாளி மீன் வளர்க்கும் பெண்கள் பதினாறு பேர். அதில் அதிகம் பேசுகிறவள் நான். அதிகம் சாகடித்தவளும் நான்தான். பிள்ளைகளே, இதைச் சொல்ல வெட்கப்படும் வயதைத் தாண்டி, முட்டி வலிக்கும் வயதுக்கு வந்துவிட்டேன்.

பாறையைக் கிளறிக் கடல் மீனைப் பிடித்து விற்க வேண்டாம், கொல்லைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து விற்கலாம் என்று கொச்சியிலிருந்து வந்த ஷைலஜா மேடம் எங்களுக்குப் பழக்கிக் கொடுத்தார். எனக்கு ஒரு ஜோடி கிடைத்தது. பெரியது பெண், சின்னது ஆண். எங்கள் தீவில் வீடும் தென்னையும் பெண் பேரில்தான் இருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முதல் ஈடு பொரிந்த அன்று, குஞ்சுகளைக் கண்குளிரப் பார்க்கலாமென்று விளக்கைப் போட்டேன். பொரியும்போது இருட்டு வேண்டும் என்று மேடம் மூன்று தடவை சொல்லியிருந்தார்; விடிவதற்குள் அத்தனையும் செத்தன. இரண்டாவது ஈட்டுக்கு, பாவம் பசிக்குமே என்று தீனியை அள்ளிப் போட்டதில் தண்ணீர் நாறிப்போனது. மேடம் கோபப்படவில்லை. மூன்றாவதும் போனால் ஜோடியை ஹாஜறோமாபிக்குக் கொடுத்துவிடுவதாக மட்டும் மெதுவாகச் சொன்னார். ஹாஜறோமாபி என் எதிர்வீட்டுக்காரி; என்னை இத்தா என்றும் என் புருஷனைக் காக்கா என்றும் அக்கா, அண்ணன் முறையில் கூப்பிடுகிறவள். பல்லைக் காட்டாமலே சிரிக்கத் தெரிந்தவள். அவள் கையில் என் மீன்கள் போவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது ஈடு, முட்டையிடத் தொட்டிக்குள் வைத்த ஓட்டுத்துண்டின் மேல் ஆரஞ்சு நிறத்தில் அப்பிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூல் போட்டுக் காவலிருந்தேன். பெண் மீன் தன் பாட்டுக்கு உலாவிக்கொண்டிருந்தது. ஆண்தான் முட்டையை விட்டு நகரவே இல்லை. துடுப்பை விசிறுகிறான், வாயால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். மூன்றாம் நாள் என் கண் முன்னாலேயே ஒரு முட்டையை எடுத்து விழுங்கினான்.

எங்கள் ஊரில் புருஷன் என்பவன் இரவு இஷா தொழுகை முடிந்து பெண்டாட்டி வீட்டுக்கு வருவான், விடியுமுன் தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவான். என் சேக்கோயா நாற்பத்தொரு வருஷம் அப்படித்தான். ராப்பகலாக ஓர் ஆண்பிள்ளை முட்டைப் பக்கத்திலேயே கிடந்தால் அவன் திருடனாகத்தானே இருக்க வேண்டும்? மேடத்துக்குப் போன் போட்டிருக்கலாம். இரண்டு ஈட்டைக் கெடுத்துவிட்டு மறுபடியும் அவரிடம் கேட்பதா என்று ரோஷம். ஒரு கிண்ணத்தில் அவனை மொண்டு பக்கத்துத் தொட்டியில் விட்டேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் முட்டைகளில் ஒரு பக்கம் வெளுத்துப் பூஞ்சை பூத்துவிட்டது. சூரை மீன் கொடுக்க வந்த சேக்கோயா தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"எங்க அந்த ஆம்பளை?"

"முட்டையத் தின்னான். தூக்கி வேற தொட்டில போட்டுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "கெட்டுப்போன முட்டையத்தான் தின்பான். விட்டா அது மத்ததையும் கெடுத்துரும். பொம்பளை இட்டுட்டுப் போயிரும், காவல் காக்கிறது விசிறிவிடுறது எல்லாம் இவன்தான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சூரைக்கு இரை பிடிக்கப் பாறைக்குள்ள எத்தனை வருஷம் முங்கியிருக்கேன். நீ ஒரு நாள் கேட்டதுண்டா?"

"பகல்ல நீங்க இங்க இருந்தாத்தானே கேக்கிறதுக்கு."

"இருன்னு நீ சொன்னதே இல்லையே."

  கிண்ணத்தை எடுத்து, ஆண் மீனை அவன் இடத்திலேயே விட்டேன். பெண்டாட்டியை ஏறிட்டும் பார்க்காமல் நேரே ஓட்டுத்துண்டுக்குப் போனான். வெளுத்த முட்டைகளை ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கினான். நான் என் இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பார்த்திருந்தேன்.

எட்டாம் நாள் பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, சுவிட்ச் பக்கம் என்னை விடாதீர்கள் என்று சேக்கோயாவிடமே சொன்னேன். அடுத்த கப்பலில் மேடம் வந்தபோது வெள்ளைப் பட்டை விழுந்த குஞ்சுகள் முப்பத்தேழு நீந்திக்கொண்டிருந்தன. ஜோடி என்னிடமே இருக்கட்டும் என்றார். மீதி முட்டைகள் என்ன ஆயின என்று கேட்டார். கூட வந்திருந்த ஹாஜறோமாபியின் காதுபடவே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் இந்தத் தடவை பல் தெரியவே சிரித்தாள். "அது சரி இத்தா, சேக்கோயா காக்காவ எந்தத் தொட்டில போட்டு வச்சிருக்கீங்க?"

இப்போது நாலாவது ஈடு இட்டிருக்கிறது. விடிந்து, நான் அப்பம் சுட்டு, வெயிலும் ஏறிவிட்டது. சேக்கோயா இன்னும் தன் உம்மா வீட்டுக்குப் போகவில்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கிண்ணத்தைத் தொடவில்லை.