பட்டுப்புழு ரேக்கில் போட்ட டெபாசிட்

எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? மாசி பிறந்தும் பனி விட்டபாடில்லை. காலையில் தொண்டை கட்டுகிறது, மத்தியானம் மண்டை காய்கிறது. சளி, இருமல் என்று யாரும் படுத்துவிடவில்லையே? வெந்நீர் குடியுங்கள். குடித்துக்கொண்டே பேகம்பூர் முஹ்சினா ஒரு புத்தகத்தைத் தேடி அலைந்த கதையைக் கேளுங்கள்.

முஹ்சினா எம்.ஏ. பொருளாதாரம், கடைசி வருஷம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போய் வருகிறவள். எந்தப் பல்கலைக்கழகம் என்று மட்டும் கேட்காதீர்கள், அங்கே இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவளுடைய அத்தா தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர். அதனால் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு அதையே எடுத்துக்கொண்டாள். தோல் பதனிடும் வேலையில் கூலி எப்படி ஏறியது, எப்படி நின்றுபோனது என்று எழுத வேண்டும். நல்ல தலைப்புத்தான். ஆனால் பழைய கூலி விவரம் பூராவும் ஒரே ஒரு புத்தகத்தில் இருந்தது. காப்பிக் கலரில் அட்டை போட்டு, செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். லைப்ரரியில் ஒரே பிரதி. அதையும் வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

அவளுக்கு கைடு உடையப்பன் சார். ஆள் நல்லவர், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான்.

"கூலி அட்டவணைய கையால எழுதிட்டு வந்து நீட்டாத. போன்ல எடுத்த போட்டோவும் வேணாம். லைப்ரரி சீல் வச்ச ஜெராக்ஸ் வேணும். மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள அது வரலன்னா கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த வருஷப் பிள்ளைகளோட சேர்ந்து எழுதிக்க."

கையெழுத்து இல்லை என்றால் ஒரு வருஷம் போச்சு. லைப்ரரி ஜெராக்ஸ் மெஷினோ ரிப்பேராகிக் கிடந்தது. மதுரையில் இருந்து வர வேண்டிய மெக்கானிக், இன்றைக்கு வாரேன், நாளைக்கு வாரேன் என்று போனிலேயே நாளை ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் வேறு யாராவது புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டால்?

அந்த யாராவது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். பாண்டியராஜ். அவள் கிளாஸ்தான், சின்னாளப்பட்டிப் பையன். அவனுக்கும் உடையப்பன் சார்தான் கைடு. தோல் ஷாப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி எழுதுகிறான். அவனுக்கும் அதே புத்தகத்தில் இன்னொரு அத்தியாயம் வேண்டும்.

இதைத் தன்னோடு பஸ்ஸில் வரும் கௌசல்யாவிடம் சொன்னாள். கௌசல்யா வேலைக்கான பரீட்சைக்குப் படிப்பவள், லைப்ரரியில் பழம் தின்று கொட்டை போட்டவள்.

"இதுக்குப் போயா கண்ண கசக்குற? டெபாசிட் போட்டுருடி."

"என்ன டெபாசிட்?"

"யாரும் போகாத ரேக்கா பாத்து, அங்க இருக்கிற புத்தகத்துக்குப் பின்னாடி ஒன் புத்தகத்தச் சொருகிட்டு வந்துரு. வேணுங்கிறப்போ போய் எடுத்துக்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாக. என் கைடு புக்கு வானசாஸ்திரத்துக்குப் பின்னாடி கெடக்கு. அந்தப் பக்கம் ஒரு காக்கா வராது."

முஹ்சினாவுக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. பிறகு பாண்டியராஜ் கம்ப்யூட்டர் முன்னால் நின்று எதையோ தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். ஒப்பிவிட்டது. பட்டுப்புழு வளர்ப்பு என்று எழுதிய ரேக்கில், அடித்தட்டில், வரிசைக்குப் பின்னால் புத்தகத்தைத் திணித்தாள். உள்ளே போகமாட்டேன் என்றது. அட்டை 'சரக்' என்று சத்தம் கொடுத்தது. முழங்காலால் ஒரு முட்டு முட்டினாள், போய்விட்டது.

மெக்கானிக் ஒருவழியாக வந்து மெஷினைச் சரிபண்ணிய அன்றைக்கு, முஹ்சினா ஓடோடிப் போய்ப் பட்டுப்புழு ரேக்கில் கையை விட்டாள். கைக்கு வந்தது தூசி. இன்னும் உள்ளே விட்டாள், சிலந்திவலை. புத்தகம் இல்லை.

லைப்ரரி வாசலில் தேடுவதற்கென்றே இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தின் பேரைத் தட்டினால் எந்த ரேக், என்ன நம்பர், உள்ளே இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்று எல்லாம் சொல்லும். வீட்டில் இருந்தபடி போனிலும் பார்க்கலாம். முஹ்சினா தட்டினாள். ஒரு பிரதி. பச்சை எழுத்தில் 'அவைலபிள்'. அது சொன்ன ரேக்குக்குப் போனாள். அந்த நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பல் விழுந்த மாதிரி ஒரு சந்து. திரும்பி வந்து மறுபடி தட்டினாள். அவைலபிள். கம்ப்யூட்டரை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது.

கவுண்டரில் அய்யம்மாள் இருந்தாள். புத்தகம் அடுக்குவது, சீல் வைப்பது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது, மின்விசிறி ஓடவில்லை என்ற புகாரைக் கேட்பது எல்லாம் அவள்தான். அவளிடம் கேட்கலாம். ஆனால் என்ன என்று கேட்பது? அக்கா, நான் ஒளித்து வைத்த புத்தகத்தை யாரோ எடுத்துவிட்டார்கள் என்றா?

நேராக உடையப்பன் சாரிடம் போனாள். "சார், அந்தப் புத்தகத்தக் காணோம் சார்."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். உட்கார்ந்த இடத்தில் இருந்தே தட்டினார். போனை அவள் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"இது என்ன?"

"அவைலபிள்னுதான் சார் காட்டுது. ஆனா ரேக்ல..."

"இம்புட்டுச் செலவழிச்சு ஆன்லைன்ல போட்டு வச்சிருக்கு. ஒங்களுக்குத் தேடத் தெரியல. நாங்கல்லாம் கேட்டலாக் அட்டைய பொரட்டிப் பொரட்டிக் கண்டுபிடிச்சோம்."

"சார், நான் கண்ணால பாத்துட்டு வாரேன் சார்."

"கண்ண நல்லாத் தொறந்து பாரு."

அவள் வாய் சொல்வதை விட அந்தப் பச்சை எழுத்துக்கு மரியாதை. வெளியே வந்து பைப்படியில் முகத்தைக் கழுவினாள். எரிச்சல் அடங்கவில்லை. கேண்டீனில் பாண்டியராஜ் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நேரே போய் நின்றாள்.

"பாண்டி, மரியாதையாச் சொல்லு. புத்தகத்த எங்க வச்சிருக்க?"

"எந்தப் புத்தகம்? காப்பிக் கலர் அட்டையா? ஏ தாயே, ரெண்டு வாரமா அதத் தேடித்தான் நாயா அலையிறேன்! கம்ப்யூட்டர்ல இருக்குங்குது, ரேக்ல இல்ல. சார்ட்ட சொன்னா ஒழுங்காத் தேடுடாங்காரு. எவனோ டெபாசிட் போட்டுட்டான். அவன் மட்டும் கையில கெடைக்கட்டும், அந்தப் புத்தகத்தாலயே அவன் மண்டையில ஒண்ணு போடுறேன்."

முஹ்சினாவுக்கு இருமல் வந்தது.

"வடை வேணுமா?"

"வேணாம். வா, ரெண்டு பேரும் சேந்து தேடுவோம்."

இந்த இடத்திலேயே அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் மண்டையைப் பற்றிப் பேசியது ஒரு காரணம்.

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாக ரேக் ரேக்காக இறங்கினார்கள். முன்வரிசையை நகர்த்திப் பின்னால் கையை விட்டுத் துழாவுவதுதான் வேலை. அடேயப்பா, அந்த லைப்ரரிக்குப் பின்னால் இன்னொரு லைப்ரரி ஒளிந்திருந்தது! தோட்டக்கலைக்குப் பின்னால் சட்டப் புத்தகங்கள். இசைக்குப் பின்னால் கணக்கு. யாரோ ஒரு புண்ணியவான் மனோதத்துவத்துக்குப் பின்னால் மூன்று அகராதியும் ஒரு பொட்டலம் கடலைமிட்டாயும் வைத்திருந்தான். கடலைமிட்டாயைப் பாண்டியராஜ் தின்றான். வானசாஸ்திரத்துக்குப் பின்னால் கௌசல்யாவின் கைடு, பக்கத்துக்குப் பக்கம் அவள் பென்சில் கோடு.

ஒவ்வொன்றாக எடுத்து நடு மேஜையில் போட்டார்கள். பாண்டியராஜ் போனில் தட்டிப் பார்த்தான்.

"இதுவும் அவைலபிள். இதுவும் அவைலபிள். ஏ, இங்க பாரு, இந்த ஒண்ணத்தான் போன மாசம் பூரா நான் தேடுனேன்!"

மேஜை நிறைந்தது. அவர்களுடைய புத்தகம் மட்டும் இல்லை. முஹ்சினாவின் துப்பட்டா ஒட்டடைத் துணி மாதிரி ஆகிவிட்டது. கை ஓய்ந்துபோய் நாற்காலியில் விழுந்தபோது, பின்னால் ஒரு சத்தம்.

"அடப் பாவிகளா! நீங்கதானா?"

அய்யம்மாள். இடுப்பில் கை. அவள் கண்கள் மேஜைக் குவியலையும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தன.

"தெனமும் நாலு பேரு வந்து என் மூஞ்சிக்கு நேரா நின்னு, கம்ப்யூட்டர் பொய் சொல்லுது, ஒங்களுக்கு அடுக்கத் தெரியலன்னு ஏசிட்டுப் போறாக. அம்புட்டையும் அமுக்கி வச்சது நீங்க ரெண்டு பேருந்தானா?"

"அக்கா, நாங்க வைக்கல. எடுத்தோம்க்கா" என்றான் பாண்டியராஜ்.

"வச்சவுகளுக்குத்தானப்பா எங்க இருக்குன்னு தெரியும்? நீ வேற போன மாசம் ஏதோ ஒரு புத்தகத்தக் காணோம் காணோம்னு என்கிட்டயே வந்து நின்ன. நல்லா நடிக்கிற. கார்ட நீட்டு. ரெண்டு பேருக்கும் நோ டியூ கெடையாது."

நோ டியூ என்பது, லைப்ரரிக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று தரும் சீட்டு. அது இல்லாமல் ப்ராஜெக்டை வாங்கவே மாட்டார்கள். கடலைமிட்டாய்த் தூள் ஒட்டிய வாயோடு பாண்டியராஜ் நின்ற நிலையைப் பார்க்க முஹ்சினாவுக்குத் தாங்கவில்லை.

"அவன் ஒண்ணுமே வைக்கலக்கா. நான் ஒரே ஒரு புத்தகத்த வச்சேன். இதெல்லாம் யாருதுன்னு எனக்குத் தெரியாது. நான் வச்சது தோல் ஷாப் புத்தகம். பட்டுப்புழு ரேக்ல."

பாண்டியராஜ் மெதுவாகத் திரும்பினான். "நீயா?"

"மண்டையில அப்புறமாப் போடு. இப்ப சும்மா இரு."

"கேண்டீன்ல வந்து என்னையவே மெரட்டுனியே! எம்புட்டு நெஞ்சழுத்தம்!"

ஆனால் அய்யம்மாள் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. "பட்டுப்புழு ரேக்கா? காப்பிக் கலர் அட்டையா? ஏ பிள்ள, அது நீதானா? கூட்டும்போது பாத்தேன். முதுகு பிஞ்சு, அட்டை தனி, பக்கம் தனியா தொங்குது. மாட்டை அடைக்கிற மாதிரி அடைச்சிருக்க. பைண்டிங்குக்கு அனுப்பிட்டேன். மொத்தமா முடிச்சுத்தான் வண்டியில ஏத்துவாக. வர ஒரு மாசம் ஆகும்."

'சரக்' என்ற அந்தச் சத்தம் முஹ்சினா காதில் இப்போதுதான் சரியாக விழுந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"அக்கா, பைண்டிங்குக்குப் போயிருக்குன்னா கம்ப்யூட்டர்ல ஏன் அவைலபிள்னு காட்டுது?"

அய்யம்மாள் இடுப்பில் இருந்த கையை எடுத்தாள். "அது... அன்னைக்குக் கரண்ட் போயிருச்சு. அப்புறம் பாக்கலாம்னு இருந்தேன். நான் ஒருத்தி, வேலை பத்து பேரு வேலை. மறந்துட்டேன், போ."

"நீங்க மறந்ததுல சார் என்னையக் குருடிங்கிறாருக்கா!"

"நீ பிச்சதுலதான நான் அனுப்புனேன்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். பாண்டியராஜ்தான் குறுக்கே புகுந்தான். "ரெண்டு பேரு செஞ்ச வேலைக்கு எனக்கு ஒரு வருஷம் போகுது. மொதல்ல அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

அய்யம்மாள் கவுண்டருக்குப் போய்க் கம்ப்யூட்டரில் தட்டினாள். பச்சை எழுத்து போய்ச் சிவப்பில் 'பைண்டிங்கில்' என்று வந்தது, கீழே திரும்பி வரும் தேதி. இரண்டு பேரும் உடையப்பன் சார் அறைக்கு ஓடினார்கள். முஹ்சினா வாயைத் திறந்தாள். சார் கையைக் காட்டி நிறுத்தினார். போனை எடுத்தார். தட்டினார்.

"பைண்டிங்கில இருக்குன்னு போட்டிருக்கே! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

முஹ்சினா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, புத்தகம் வந்து ஜெராக்ஸ வைக்கிற வரைக்கும் டைம் தரேன். ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க."

பிழைத்தார்கள். ஆனால் அய்யம்மாள் விடவில்லை. மேஜையில் கிடந்த அத்தனை புத்தகத்தையும் கம்ப்யூட்டர் சொல்லும் இடத்தில் சரியாக அடுக்கினால்தான் நோ டியூ என்றுவிட்டாள். சாயங்காலம் வரை முஹ்சினா அடுக்கினாள். பாண்டியராஜ் ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலையில் லைப்ரரியே அல்லோலகல்லோலம். தோட்டக்கலை ரேக்கைப் பிறாண்டிக்கொண்டு ஒருவன், இசைக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு ஒருத்தி. கௌசல்யா கண்ணெல்லாம் சிவந்து முஹ்சினாவிடம் ஓடி வந்தாள்.

"எவளோ என் கைட திருடிட்டாடி! நாளைக்குப் பரீட்சை!"

"கேட்டலாக்ல பாத்தியா?"

"பாத்தேன். அவைலபிளாம், ஏழாவது ரேக்காம். அது என்னைக்கு உண்மையச் சொல்லிருக்கு?"

"ஒரு வாட்டி ஏழாவது ரேக்ல போய்ப் பாருடி."

"போடி இவளே, அங்க எப்படி இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் வானசாஸ்திரத்துக்குப் பின்னால் கையை விடப் போய்விட்டாள். கைடு ஏழாவது ரேக்கில், எல்லார் கண்ணுக்கும் படும்படி, நம்பர் வெளியே தெரிய நின்றுகொண்டிருந்தது. முஹ்சினா தானே போய் அதை உருவிக்கொண்டு வந்து கௌசல்யா கையில் திணித்தாள்.

கௌசல்யா புத்தகத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அப்ப எடுத்தது நீதானா?"

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் இரண்டு பேரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஏன், உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லி, கைக்கு மட்டும் கிடைக்காமல் அலைந்த கதை ஒன்றாவது இல்லாமலா போகும்? யார் மேலே கோபம் வந்தது, கடைசியில் அது எங்கே கிடந்தது என்று விட்டுவிடாமல் எழுதுங்கள். டெபாசிட் போட்டவர்களும் எழுதலாம், பேரை வெளியே சொல்ல மாட்டேன்.