எண்பதுக்கு மேல் ஒரு நடுக்கம்

எண்பதைத் தாண்டினால்தான் ஆரம்பிக்கும். எழுபதில் ஒன்றுமில்லை. எழுபத்தைந்தில் உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போல ஒரு கூச்சம். எண்பத்தைந்தைத் தொட்டதும் மணிக்கட்டு வரை ஏறிவிடும். தொண்ணூறில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் விரல்கள் பத்தும் தனித்தனியாக ஆடும். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பாள். பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டு, தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். கணக்கு டீச்சர். அவள் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. கார் அவருடையது. அடுத்த ஊரில் இருக்கும் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், சனி ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்கு டூட்டி. மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறார், வந்தால்தான் உண்டு. பத்து மாதப் பேத்தியைப் பார்த்துக்கொள்ள டீச்சர்தான் வாராவாரம் போய்க்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் அந்த இரண்டு நாளைக்காகத்தான் மற்ற ஐந்து நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

நடுக்கத்தைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது என்னவென்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். அவள் கணவருக்கும் கையில்தான் ஆரம்பித்தது. அதுவும் ஸ்டியரிங் பிடித்திருந்தபோது. "ரோடு சரியில்ல" என்றார் அன்றைக்கு. ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு ஸ்பூன் நடுங்கியது, சட்டைப் பொத்தான் நடுங்கியது, கடைசியில் அவள் பிடித்துக்கொண்டிருந்த கையே ஒரு குருவியைப் பிடித்திருப்பது போல ஓயாமல் துடித்தது. மூன்று வருடம்.

அதனால் டீச்சர் சமையலறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்து, கையை நீட்டி நிற்பாள். ஒரு சொட்டுகூடச் சிந்தாது. அது ஆறுதலாக இல்லை. அவருக்கும் முதலில் வீட்டில் ஒன்றும் இல்லை. இன்னொன்றும் இருந்தது. பாதி வழி போனதும் அவள் கை நடுக்கம் தானாகவே குறைந்துவிடும். பயம் கொஞ்சம் தெளிகிறது போல, மனசுதான் எல்லாம் என்று நினைத்துக்கொள்வாள். திரும்பி வரும்போது மறுபடி ஆரம்பிக்கும்.

ஒரு வாரம் மகனும் கூட வந்தான். மருந்துக் கடை வைத்திருப்பவன், கடையை அடைக்க மனசு வராதவன், தங்கை மகளைப் பார்க்க அதிசயமாக ஒரு சனிக்கிழமை கிளம்பினான். கடையில் வந்து கடன் சொன்ன ஒருத்தரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வந்தவன், நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டான். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் எதைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

மூன்று வாரம் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், கடையை விட்டுவிட்டு வந்து நின்றான்.

"அம்மா, வண்டிய வித்துடலாம்மா. வெள்ளிக்கெழம பாக்க ஒருத்தர் வராரு."

"யாரக் கேட்டு வரச் சொன்ன?"

"நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நானே கூட்டிட்டுப் போறேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துப் பேசினான். "இன்னொரு தடவ என்னால முடியாதும்மா."

அவள் சண்டை போடத் தயாராக இருந்தாள். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். நம்பிக்கையோடு போனாள் என்று சொல்ல முடியாது. தூக்குத் தண்டனை வாசிக்கப்படுவதற்கு முன்னால் வக்கீலை இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பது மாதிரி. மெக்கானிக்கை எல்லோரும் பொறுமை என்றுதான் கூப்பிடுவார்கள், அது அவரிடம் மருந்துக்கும் கிடையாது என்பதால். அவள் கணவர் வைத்த பெயர்தான். ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

"ஸ்டியரிங் ஆடுற மாதிரி இருக்கு" என்றாள்.

"மாதிரி இருக்கா, ஆடுதா? டீச்சரே இப்படிப் பேசினா நாங்க எங்க போறது? எத்தன வேகத்துல?"

"எண்பதுக்கு மேல."

"பிரேக் போட்டா அதிகமாகுதா?"

"இல்ல."

"வேகத்தக் கொறச்சா போயிடுதா?"

"போயிடுது."

பொறுமை காரைத் தூக்கிவைத்து, சக்கரங்களைப் பிடித்து உலுக்கி, அடியில் படுத்து எதையெதையோ இழுத்துப் பார்த்தார். பிறகு ஓட்டிப் பார்க்கிறேன் என்று போய், கடைத்தெருவைச் சுற்றி, சிக்னலில் நின்று, ஒரு பேருந்துக்காரரோடு சண்டையும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"வண்டி கல்லு மாதிரி இருக்கு டீச்சர். ஒரு கொறையும் இல்ல. நீங்கதான் ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிக்கிறீங்க. கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க, சரியாயிடும்."

அவ்வளவுதான். வண்டியில் குறை இல்லை என்றால் குறை எங்கே என்று கணக்கு டீச்சருக்குச் சொல்லித்தர வேண்டுமா? அவள் அறுபதுக்கு மேல் போகாமல் வீட்டுக்கு வந்தாள். சாவியைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில், மகன் கண்ணில் படும் இடமாகப் பார்த்து வைத்தாள்.

அவள் கூட இருப்பது நாத்தனார், கணவரின் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டு, அண்ணன் போன பிறகு அண்ணிக்குத் துணையாகப் பெட்டியோடு வந்தவள். அவள் சாவியைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, வெள்ளக் கொடி காட்டியாச்சா?"

டீச்சருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கையை, டம்ளரை, மகன் பார்த்ததை, பொறுமை சொன்னதை. நாத்தனார் வழக்கத்துக்கு விரோதமாகக் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப எனக்கு ஏன் அண்ணி பல்லு ஆடுச்சு?"

"என்னது?"

"போன வாரம் நானும் வந்தேன்ல. பின் சீட்டுலதான உக்காந்திருந்தேன். பல்செட்டு தந்தி அடிச்சிச்சு. கழட்டிப் பையில போட்டுக்கிட்டேன். உங்களுக்கு நரம்புத் தளர்ச்சின்னா என் பல்லு எதுக்கு ஆடணும்?"

"அத ஏண்டி அப்பவே சொல்லல?"

"நீங்க ஓட்டறதப் பத்திக் கொற சொன்னா எறக்கி விட்டுடுவீங்களேன்னு பயந்துதான்!"

டீச்சர் எழுந்து சாவியை எடுத்தாள். "வா, கிளம்பு. பல்ல மாட்டிக்கிட்டு வா."

பட்டறையில் பொறுமை ஒரு வேனின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "சொன்னேன்ல டீச்சர், வண்டியில ஒண்ணும்..."

"கடைத்தெருவுல எண்பதுல போனீங்களா?"

அவர் தலை மறுபடி வேனுக்கு அடியில் போகப் பார்த்தது.

"நெடுஞ்சாலைக்கு எடுங்க. நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்கார்றேன். இவ பின்னால உக்காருவா, இவதான் மீட்டர்."

பொறுமை முணுமுணுத்துக்கொண்டே கையைத் துடைத்தார். போகிற வழியெல்லாம் வேன்காரர் காத்திருப்பதைப் பற்றிப் புலம்பினார். நெடுஞ்சாலையில் ஏறியதும் அழுத்தினார். எழுபது. எழுபத்தைந்து. டீச்சர் சாலையைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் மேல் இருந்த அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரீஸ் ஏறிய நகங்கள், எதையும் நெம்பித் தூக்கக்கூடிய முரட்டுக் கைகள். எண்பத்தைந்தில் அவை ஆட ஆரம்பித்தன. தொண்ணூறில் முழங்கை வரைக்கும் ஆடின.

"அண்ணி, ஆரம்பிச்சிருச்சு!" என்று பின்னாலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு ஒரு குரல்.

"அட ஆமா" என்றார் பொறுமை. "என்ன இந்த ஆட்டம் ஆடுது!"

டீச்சர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. இன்னொருவர் கை நடுங்குவதைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை. வயல்களும் கம்பங்களும் கலங்கி ஓடின. எதனால் ஆடுகிறது என்று இன்னும் தெரியாது. தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது.

பொறுமைக்கு அப்படி இல்லை. வேன்காரரை மறந்துவிட்டு, முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிச் சுற்றவிடும் இயந்திரத்தில் மாட்டினார். சக்கரத்தில் எந்தப் பக்கம் கனம் கூட, எவ்வளவு கூட என்று காட்டும் இயந்திரம் அது. முதல் சுற்றில் இருபத்தைந்து கிராம் என்றது. அவர் எதிர்ப்பக்கம் அந்த அளவுக்கு ஈயக்கட்டி ஒட்டினார். இரண்டாவது சுற்றில் நாற்பது என்றது, அதுவும் வேறொரு இடத்தில். மூன்றாவது சுற்றில் பத்து.

"இது என்ன குடிச்சிட்டு வந்திருக்கா?" என்று இயந்திரத்தை ஓர் உதை விட்டார்.

"பின் சக்கரத்த மாட்டிப் பாருங்களேன்" என்றாள் டீச்சர். "அது மாறாம ஒரே எண் காட்டினா மெஷின் சரி. தப்பு அந்தச் சக்கரத்துல."

மாட்டினார். மூன்று தடவையும் ஒரே எண். பொறுமை இடுப்பில் கைவைத்து முன் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அதைத் தரையில் நிறுத்தி, காதை வைத்துக்கொண்டு மெல்ல உருட்டினார். நாத்தனாரும் குனிந்தாள். உள்ளே, பாதி காலியான குடத்தை அசைப்பது போல, களக் என்று ஒரு சத்தம்.

டயரை நெம்பிப் பிரித்ததும் பச்சை நிறத்தில் ஷாம்பு மாதிரி வழவழவென்று ஏதோ கொட்டியது. தரையில் குளம் கட்டி நின்றது.

"பங்ச்சர் மருந்து!" என்றார் பொறுமை. "டயர் ஓட்டையானா தானா அடைச்சுக்கும்னு ஊத்துவாங்க. அளவா ஊத்தினா உள்ள பூசின மாதிரி பரவிக்கும். இது என்னன்னா நீச்சலடிக்கலாம் போல இருக்கு. வண்டி நிக்கும்போது மொத்தமும் அடியில தேங்கிடும். சுத்தும்போது ஒரு பக்கம் கனம்."

"ரொம்ப தூரம் ஓடினா பரவிடுமா?"

"கொஞ்சம் கொஞ்சமா பரவும்."

"அதான் பாதி வழியில கொறஞ்சிருக்கு" என்றாள் டீச்சர். ஒரு கணக்கு மீதியில்லாமல் வகுபட்டது போல அவளுக்குள் ஏதோ அடங்கியது. "நான் பயம் தெளியுதுன்னு நெனச்சேன்."

"யாரு ஊத்தினது?"

டீச்சர் ஊற்றவில்லை. நாத்தனாருக்குக் காரில் பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்றே தெரியாது. டீச்சர் மகனுக்குப் போன் செய்து, பட்டறைக்கு வா என்று மட்டும் சொன்னாள். அவன் என்ன பயந்தானோ, கடையில் போடும் வெள்ளைக் கோட்டோடு ஸ்கூட்டரில் பறந்து வந்தான். தரையில் இருந்த பச்சைக் குளத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"இது... நான்தாம்மா."

"எப்ப?"

"அப்பா போனப்புறம், நீ மொதல் தடவ தனியா கெளம்பினியே, அதுக்கு முந்தின நாள். நடு ரோட்டுல பங்ச்சராகி நீ ஒத்தையா நின்னா என்ன பண்ணுவேன்னு... சொன்னா வேணாம்ப, அதான் சொல்லாம ஊத்தினேன். முன் டயர் ரெண்டுலயும்."

"எத்தன பாட்டில்?" என்றார் பொறுமை.

"டயருக்கு ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு."

"நீங்க?"

"மூணு." அவன் குரல் இறங்கியது. "ஒரு பாதுகாப்புக்கு."

"ஏன் தம்பி, கடையில மாத்திரையும் இப்படித்தான் குடுக்கிறீங்களா? வேளைக்கு ஒண்ணுன்னு டாக்டர் எழுதினா, பாதுகாப்புக்கு மூணு?"

"நாளையிலேருந்து நான் வேற கடையிலதான் பிரஷர் மாத்திர வாங்கப்போறேன்" என்றாள் நாத்தனார். "நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கினியே, இந்த டயரக் கூட்டிட்டுப் போ."

அவன் அங்கே கிடந்த ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள், சிரிக்கத்தான் செய்தான். ஆனால் அது நிற்கவில்லை. பொறுமை திடீரென்று வேன்காரரின் ஞாபகம் வந்தவராக அந்தப் பக்கம் நகர்ந்தார்.

"நான் தெனமும் அப்பாவோட ரிப்போர்ட்டெல்லாம் எடுத்து வச்சுப் பாத்துட்டிருந்தேன்மா" என்றான் அவன் கைகளுக்குள்ளிருந்து. "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

டீச்சர் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவன் மீது அவளுக்கு வந்திருக்க வேண்டிய கோபம் வரவேயில்லை. இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருடா. நல்லாப் பாரு."

அவன் பார்த்தான். விரல் விரலாக, டாக்டர் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு போனை எடுத்து, வெள்ளிக்கிழமை வரவிருந்தவரிடம், வண்டி விற்கிறதாக இல்லை, மன்னிச்சுக்கோங்க என்றான்.

அந்த வாரச் சனிக்கிழமை அவனும் கிளம்பினான். கழுவித் துடைத்த டயர்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்கத்தான் வருகிறேன் என்றான். கடையை அடைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். டீச்சர்தான் ஓட்டினாள், நாத்தனார் பின் சீட்டில். எண்பதில் அவன் அவள் கைகளைப் பார்த்தான். தொண்ணூறில் பார்த்தான். நூறில் ஸ்டியரிங் மேசை மேல் வைத்த தட்டு போல அசையாமல் இருந்தது. அவன் ஒரு பெருமூச்சு விட்டு, சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டான். இரண்டு பாலம் தாண்டுவதற்குள் வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சரிந்து, சின்னப் பையனைப் போலத் தூங்கிப்போனான்.

மகளின் ஊருக்குத் திரும்பும் வழி வந்தது. அங்கே திரும்பியதும் வேகத்தடைகள் வரிசையாக இருக்கும். டீச்சர் நேராகப் போனாள்.

"அண்ணி, திருப்பம் போயிடுச்சு" என்று பின்னாலிருந்து நாத்தனார் கிசுகிசுத்தாள்.

"தெரியும். அடுத்ததுல சுத்திக்கிட்டு வரலாம். தூங்கட்டும் அவன்."