நாலு மூலைக் களிகம்பு

பாக்கியரத்தினத்துக்கு இடது காது கேட்காது. பன்னிரண்டு வயதில் வந்த கூகைக்கட்டுக் காய்ச்சல், போகும்போது அந்தக் காதையும் கொண்டு போய்விட்டது. அதற்காகத் துறைமுகப் பட்டறையில் யாரும் அவரைக் குறைத்து மதித்ததில்லை. ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் வலது காதைக் கொடுத்து நின்றாரென்றால், எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று திறக்காமலே சொல்லிவிடுவார். திறந்து பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும்.

எழுபத்தாறாம் ஆண்டு சித்திரையில் ஜமால்தீன் முதலாளி அவருக்கு ஆள் அனுப்பினார். முதலாளிக்குத் திருகோணமலை டவுனில் இரும்புச் சாமான் கடை. கடைக்குப் பின்னால் நெல் அடுக்குகிற பெரிய களஞ்சியம், அதை ஒட்டி வீடு. தேயிலை ஏற்ற வந்த ஜப்பான் கப்பலின் என்ஜினியர் ஒருவரிடமிருந்து புதிதாக ஒரு டேப் ரெக்கோடர் வாங்கியிருந்தார். இரண்டு ஆள் பிடித்துத்தான் அதை மேசையில் ஏற்ற வேண்டும். கூடவே நாலு ஸ்பீக்கர். பாக்கியரத்தினம் போய்ச் சேர்ந்தபோது நாலும் வீட்டு ஹோலின் ஒரே சுவரோரம் வரிசையாக நின்றன.

“இதை இப்பிடி வைக்கிறேல்ல முதலாளி,” என்று அவர் சிரித்தார். “மூலைக்கு ஒண்டு. டேப்பில நாலு வழி இருக்கு. ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு மூலையில பாடும். நீங்க நடுவில இருந்தால், பாட்டு உங்களைச் சுத்தி நிக்கும்.”

அரை மணித்தியாலத்தில் வயர் இழுத்து முடித்தார். கப்பல்காரர் கொடுத்த இரண்டு டேப்பிலும் வெளிநாட்டு வாத்தியங்கள்தான். முன்னால் வயலின்கள், முதுகுக்குப் பின்னால் குழல்கள். ஜமால்தீன் நடுக் கதிரையில் உட்கார்ந்து ஒரு கிழமை கேட்டார். எட்டாம் நாள் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார்.

“பாக்கியம், எங்கட சாமான் ஒண்டு இதுல கேக்கணும். என்ன பிடிக்கலாம் சொல்லுங்க.”

பாக்கியரத்தினம் யோசிக்கவே இல்லை. “களிகம்பு.”

“களிகம்பா?”

“கிண்ணியாவில உங்கட மச்சானும் ஆடுறாரெல்லோ. பன்னிரண்டு பேர் வட்டமாய்ச் சுத்தி வந்து கம்படிக்கிறாங்க, அண்ணாவியார் நடுவில நிண்டு பாட்டுப் படிக்கிறார். சுத்திக் கேக்கிற பெட்டிக்கு இதைவிட வேற என்ன வேணும்?”

ஜமால்தீனுக்கு முகம் மலர்ந்தது. கிண்ணியாவில் முஹம்மது தம்பி அண்ணாவியாருக்கு அன்றைக்கே சொல்லியனுப்பினார்.

மைக்குகளை டேப்போடு இணைக்க ஒரு பெட்டி வேண்டும். பாக்கியரத்தினம் இரண்டு கிழமை வீட்டு விறாந்தையில் இருந்து அதைச் செய்தார். ஐந்து மைக், ஒவ்வொரு மைக்குக்கும் மூலைக்கு ஒன்றாக நாலு குமிழ். எந்தக் குமிழை எவ்வளவு திருப்புகிறோமோ, அந்த மூலையில் அந்தச் சத்தம் அவ்வளவு கேட்கும். மனைவி அன்னலட்சுமி தேத்தண்ணியை அவருடைய வலப் பக்கமாக வைத்துவிட்டுக் கேட்டாள்:

“இருபது குமிழ். இதைத் திருப்பிறது ஆர், நீங்களோ?”

“வேற ஆர்? செய்தவனுக்குத்தானே தெரியும்.”

பதிவு நாள் காலையில் கிண்ணியாக் கோஷ்டி பாதை என்கிற மிதவைப் படகில் துறை கடந்து வந்து இறங்கியது. களஞ்சியம் வெறுமையாக இருந்தது. கூரை வளையிலிருந்து மைக்குகளைக் கம்புக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டு, நாலை வட்டத்தின் நாலு பக்கமும் பார்க்கத் திருப்பி, ஐந்தாவதை அண்ணாவியாரின் தலைக்கு மேல் இறக்கிக் கட்டினார் பாக்கியரத்தினம். டேப் ரெக்கோடர் ஹோலிலேயே இருக்க, பெட்டியிலிருந்து அதுவரை வயர் இழுத்தார். திரும்பிப் பார்த்தால் பெட்டிக்கு முன்னால் ஜமால்தீன் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க வயரைப் பாருங்க பாக்கியம். கோவிக்க வேணாம், நாலு பக்கச் சத்தத்தைக் கலக்கிறதுக்கு ரெண்டு காதும் வேணுமே.”

பாக்கியரத்தினத்துக்குக் கோபம் வரவில்லை. முதலாளியின் பணம், முதலாளியின் பெட்டி. ஆனால் சொன்னது பிழை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதை வாயால் சொல்லி நிரூபிக்க ஏலாது என்பதும் தெரிந்தது. “சரி முதலாளி,” என்று சொல்லிவிட்டு வயரைப் பார்த்தார்.

ஜமால்தீன், டேப் ரெக்கோடரோடு வந்த புத்தகத்தில் இருந்த படம் போலவே செய்தார். அண்ணாவியாரின் குரல் முன் இரண்டு மூலைகளுக்கு மட்டும். நாலு பக்கக் கம்படியும் அதது அதன் மூலைக்கு மட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, முதலாளி வீட்டில் கோஷ்டி முழுவதற்கும் சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் ஹோலில் டேப் ஓடியது. ஜமால்தீன் நடுக் கதிரையில். மற்றவர்கள் சுவரோரம் பாயில். கம்படி அவரைச் சுற்றிச் சுழன்றது. “அல்லாஹ்வே!” என்று தொடையில் தட்டினார். “வட்டத்துக்கு உள்ளுக்கே நிக்கிறன் நான்!”

பின் சுவரோரம், ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் முஹம்மது தம்பி அண்ணாவியார் இருந்தார். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தி அவர் கேட்டார்:

“படிக்கிறது ஆரு?”

“என்ன கேள்வி காக்கா? நீங்கதானே!” என்றார் ஜமால்தீன்.

“எனக்குக் கேக்கல்லியே. என்ட காதுக்குள்ள ரெண்டு பேர் விறகு கொத்துறானுகள். அவ்வளவுதான் கேக்குது.”

குசினிக் கதவடியில் நின்ற முதலாளியின் மனைவி ஸல்ஹாவும் சேர்ந்துகொண்டாள். “இங்கயும் அப்பிடித்தான். ஒரு நேரம் அடி, ஒரு நேரம் ஒண்டுமில்ல. பாட்டு எங்கயோ அடுத்த வீட்டுல கேக்கிற மாதிரி.”

ஜமால்தீன் எழுந்து அண்ணாவியாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டார். குசினிக் கதவடியில் நின்று கேட்டார். முகம் சுருங்கியது. டேப்பை நிறுத்திவிட்டு, “பெட்டி பிழையா பாக்கியம்?” என்றார்.

“பெட்டி திறம். டேப்பும் திறம். நீங்க உங்கட கதிரைக்கு மட்டும் கலக்கியிருக்கிறீங்க.”

யாரோ சிரித்தார்கள். பாக்கியரத்தினம் சிரிக்கவில்லை, எழுந்து ஹோலின் நடுவுக்கு வந்தார்.

“ரெண்டு காதும் உள்ள ஆளுக்கு நடுவில இருந்தால் போதும் முதலாளி, எல்லாம் தானாய் வந்து சேரும். எனக்கு அப்பிடி வராது. எந்தச் சத்தம் எங்க நிக்குதெண்டு அறிய நான் நடக்க வேணும், தலையைத் திருப்ப வேணும். ஒவ்வொரு மூலையிலயும் போய் நிண்டுதான் நான் கேக்கிறனான். இந்த வீட்டில நடுக் கதிரை ஒண்டுதான் இருக்கு. ஆக்கள் இருபது பேர். இவையளைத் திரும்பக் கூப்பிடுங்கோ. இந்த முறை குமிழை நான் திருப்பிறன்.”

ஜமால்தீன் அண்ணாவியாரைப் பார்த்தார்.

“என்னைய ஏன் பாக்கிறீங்க?” என்றார் கிழவர். “நாங்க வாறம். விறகு கொத்துறதாப் பேர் வாங்கிட்டுப் போக ஏலாது.”

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பாதை, மறுபடியும் களஞ்சியம். பாக்கியரத்தினம் முதலில் ஐந்து நிமிஷம் மட்டும் பதிந்தார். வீட்டுக்குள் போய், டேப்பை ஹோலில் ஓடவிட்டுச் சுவரோரமாக நடந்தார். ஜன்னலடியில் நின்றார். பாயில் குந்தினார். குசினிக் கதவில் சாய்ந்து, வலது காதை ஹோலுக்குக் கொடுத்துக் கண்ணை மூடினார். ஸல்ஹா அகப்பையோடு காத்து நின்று, “அண்ணன், இதுல கொஞ்சம் பாட்டு வேணும்,” என்றாள்.

“எவ்வளவு?”

“நான் கறி தாளிக்கக்குள்ளயும் கேக்கிற அளவுக்கு.”

அது நல்ல அளவு என்று அவருக்குப் பட்டது. களஞ்சியத்துக்குத் திரும்பி, அண்ணாவியாரின் குரலை நாலு மூலைக்கும் பங்கிட்டார்; முன்னால் மட்டும் ஒரு சொட்டு அதிகமாக. ஒவ்வொரு பக்கக் கம்படியிலும் கொஞ்சத்தைப் பக்கத்து மூலைகளுக்கும் கொடுத்தார், ஓரமாக இருப்பவனுக்கு அடி வருவதும் தெரிய வேண்டும், போவதும் தெரிய வேண்டும் என்று. ஒவ்வொரு குமிழுக்கும் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டார். மறுபடி ஐந்து நிமிஷம், மறுபடி ஹோல், மறுபடி நடை. மூன்றாம் தரம் திரும்பி வந்தபோது பென்சிலைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, “அண்ணாவியார், இனி முழுசாய்ப் படியுங்கோ,” என்றார்.

அன்று பின்னேரமே எல்லோரும் ஹோலுக்குள் வந்து இடம் கண்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். ஜமால்தீன் நடுக் கதிரைக்குப் போகவில்லை. மைத்துனர் முனாபுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

டேப் ஓடியது. அண்ணாவியாரின் குரல் அறைக்கு நடுவில் எழும்பியது. அதைச் சுற்றி கைக்கு ஒன்றாக இருபத்து நாலு கம்புகளும் ஓடின. ஜன்னலடியில் இருந்தவனுக்கு அவை அவனைக் கடந்து போய் மறு பக்கத்தால் திரும்பி வந்தன. அண்ணாவியார் எழுந்தார். கம்படியோடு சேர்ந்து, அதே நடையில், ஹோலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எந்த இடத்திலும் தன் குரலை அவர் தொலைக்கவில்லை.

“முப்பத்தஞ்சு வருஷம் படிக்கிறன்,” என்றார். “இதுக்கு முந்தி வெளியில இருந்து கேட்டதில்ல.”

பாக்கியரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் அவர் சுவரோரமாக நடந்துகொண்டே இருந்தார். வேலை இன்னும் ஓடிக்கொண்டுதானே இருந்தது.

பாட்டு வேகம் பிடிக்கிற இடத்தில் அண்ணாவியார் சட்டென்று கையை உயர்த்தினார். “நிப்பாட்டுங்க. கொஞ்சம் பின்னுக்கு விடுங்க.”

விட்டார்கள். கேட்டார். மறுபடி விடச் சொன்னார். பிறகு பின் மூலை ஸ்பீக்கர் ஒன்றைப் பக்கத்தில் கிடந்த கம்பால் சுட்டிக் காட்டினார்.

“இந்த மூலை தாண்டக்குள்ள ஒருத்தன்ட அடி பிந்துது. எத்தனை வருஷமா எனக்கு ஒரு சந்தேகம் இருந்திச்சு. பன்னிரண்டு பேருக்குள்ள ஆளைப் பிடிக்க ஏலாமக் கிடந்திச்சு.” திரும்பி முனாபைப் பார்த்தார். “அந்த இடத்துல அந்த நேரம் வந்தது நீதானேடா?”

முனாப் தலையைக் குனிந்துகொண்டான். ஹோல் முழுவதும் சிரிப்பு வெடித்தது. குசினிக்குள் இருந்து ஸல்ஹாவின் சிரிப்பும், தம்பிக்காரனை விட்டுக்கொடுத்துவிட்டு, உரக்கக் கேட்டது.

“பாக்கியம்,” என்றார் ஜமால்தீன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “மச்சான்ட அந்த ஒரு அடியை மட்டும் குறைச்சுவிட வழி இல்லையா? குமிழை அங்கால இங்கால திருப்பி?”

“வழி இருக்கு,” என்றார் பாக்கியரத்தினம். “ஆனால் செய்ய மாட்டன். அவர் பழகிப்போட்டு வரட்டும். வாற மாசம் இன்னொருக்காப் பிடிப்பம்.”

“அப்ப அதுக்கும் நீங்கதான் வரணும்.”

“வேற ஆர்?” என்றார் அவர், அடுத்த டேப்பை உறையிலிருந்து எடுத்துக்கொண்டு.